இரண்டாவது ப்

விகாரி வருஷம், தை மாதம், தேவகோட்டை.
எனக்குப் பதினைந்து முடிந்து மூன்று மாதம்.
வளவு முழுக்கச் சாமான் பரப்பியிருந்தார்கள்.
எவர்சில்வர் வாளி மட்டும் அறுபது.
ஒன்றிலும் யாரும் தண்ணீர் மொண்டதில்லை.

சிஸ்டர் பெர்பெத்துவா வந்தது சாப்பிட அல்ல.
அப்பச்சி அவருக்குக் கடன்பட்டிருந்தார்கள்.
ரங்கூன் கடைப் பேரேட்டில் பாதி
கரையானுக்குப் போக, மீதி
கோர்ட்டில் எவராலும் வாசிக்க முடியாத
மேலாள் கையெழுத்தாய்க் கிடந்தபோது
நாற்பது இரவு அரிக்கேன் வைத்து
ஐந்தொகை வரை பிரித்துக் கொடுத்தவர் அவர்.
கடைக்கணக்கில் வினைச்சொல் எப்படித் தேய்கிறது
என்பதுதான் அவர் ஆராய்ச்சி.
வழக்கு ஜெயித்தது தற்செயல்.

"பள்ளிக்கு என்ன செய்யட்டும்? கட்டடமா, மணியா?"
"இசைகுடிமானத்தில் ஒரு வரி."

கணக்கப்பிள்ளை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
அப்பச்சியைப் பார்த்தார்.
வெள்ளி இத்தனை, வைரம் இத்தனை.
அதன் கீழே,
மாமனார் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்ள,
'பெண் சிகப்பி படிப்பாள்.'

எந்த வகுப்பு, எத்தனை வருஷம், ஒன்றும் இல்லை.
இலக்கணக்காரி எழுதச் சொன்ன வாக்கியத்தில்
இவ்வளவு பெரிய ஓட்டையா என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் பதினோராம் வகுப்புப் பரீட்சை.
கணக்கில் முப்பத்தொன்று.
செட்டியார் வீட்டுப் பெண் கணக்கில் தவறினால்
கோட்டையூருக்கு அதைவிடச் சிரிப்பு வேண்டுமா?
மாமனார் சிரிக்கவில்லை.
"சொன்ன சொல் காத்தோம். படித்தாள். முடிந்தது."

மறுநாள் பத்தரை மணி பஸ்ஸில்
குடையும், அங்கியின் விளிம்பெல்லாம் செம்மண்ணுமாக
முகப்பில் வந்து நின்றார்.
பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார்.
"வாசியுங்கள் செட்டியாரே."
வாசித்தார்.
"படி. அடுத்து ஒரு ப், அது சந்தி, போகட்டும்.
இரண்டாவது ப்பை விட முடியாது. அது எதிர்காலம்.
நேற்று எழுதிய பரீட்சை அதில் வரவாகாது.
இன்று எடுத்து வாசித்தாலும் படிப்பாள்.
பத்து வருஷம் கழித்து வாசித்தாலும் படிப்பாள்.
கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது."

வட்டிக்கு வட்டி தெரிந்த வீடு அது.
முதல் அடைபடாத கடனில்
தான் வாங்கிய பக்கம் நிற்பது
அன்றைக்குத்தான் அதற்குப் புரிந்தது.
எனக்கு மோர் வந்தது. அவருக்கும்.

செப்டம்பரில் தேறினேன்.
பிறகு இரண்டு பிள்ளை. ஒன்று தங்கவில்லை.
அந்த வருஷம் எதையும் படிக்கவில்லை,
அவர் போட்ட கார்டுகளைக்கூட.
முப்பத்தாறில் புலவர் தேர்வு.
ஐம்பத்திரண்டில் என் கணவர்,
ஒரு நாளும் தடுக்காதவர், ஒரு நாளும் விசாரிக்காதவர்,
கல்வெட்டுப் பட்டய வகுப்பு விண்ணப்பத்தை
சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து
"பாக்கி இருக்கிறதே" என்றார்.

சிஸ்டர் கல்லறை திருச்சியில்.
பிறந்தார், வார்த்தைப்பாடு கொடுத்தார், இறந்தார்.
மூன்றும் இறந்தகாலம்.
கல்லுக்கு வேறு இடைநிலை தெரியாது.
அவர் நூல் இருநூறு படி அச்சாகி அறுபது விற்றது.
என்னிடம் உள்ள படியில், எழுபத்தேழாம் பக்க ஓரத்தில்,
பென்சிலால் அவர் கை:
'இங்கே நான் தவறு.'
எது தவறென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சென்ற ஆவணியில் தம்பி பேத்திக்குக் கல்யாணம்.
அந்த வரி இப்போது எங்கள் பக்கம் பல வீட்டில் உண்டு.
எங்கிருந்து வந்ததென்று யாரும் கேட்பதில்லை.
காரைக்குடிக் கணினி மையத்தில் அடித்த தாளில்
வெள்ளிக்கும் வைரத்துக்கும் காருக்கும் கீழே
'பெண் எம்.டெக். படித்தவள்.'
வாளிகளோடு வாளியாக.

"மாற்று தம்பி. படிப்பாள்."
"ரெண்டும் ஒண்ணுதானே ஆச்சி?"
"இல்லை."

அவன் விசையில் கை வைக்கவும் கரண்டு போயிற்று.
எப்ப வருமோ, நாளைக்கு வாங்களேன் என்றான்.
ஜன்னல் பக்கமாய் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
பையில் புத்தகம் இருந்தது.